செடிக்கு வெளிச்சம் என்ன சொல்கிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாவரவியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. மாடியில் நாற்பது, ஐம்பது தொட்டிகளும் உண்டு. அதனால் வகுப்பில் பிள்ளைகள் கேட்கும் கேள்வியும் வரும், பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கும் கேள்வியும் வரும். அவற்றில் வெளிச்சம் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

செடிக்கு வெளிச்சம் எதற்கு? சாப்பாடு தயாரிக்கத்தானே?

அதற்கும்தான். வெயிலைப் பிடித்து, தண்ணீரையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் சேர்த்துச் சர்க்கரை ஆக்குகிற ஒளிச்சேர்க்கை எல்லோரும் படித்ததே. ஆனால் அதே வெளிச்சத்திலிருந்து செடி நிறைய விஷயங்களைத் தெரிந்தும் கொள்கிறது. மண்ணுக்கு மேலே வந்துவிட்டோமா, எந்தப் பக்கம் வெட்டவெளி, பக்கத்தில் வேறு செடி வளர்கிறதா, இது ஆடி மாதமா மார்கழியா என்பதெல்லாம் வெளிச்சம் கொண்டுவரும் சேதிகள்.

இதற்குப் பச்சையம் போதாது. ஒளியை உணர்வதற்கென்றே தனிப் புரதங்கள் இலையிலும் தண்டிலும் இருக்கின்றன. சிவப்பு ஒளியையும், சிவப்புக்கு அடுத்து நம் கண்ணுக்கு மங்கலாக மட்டுமே தெரிகிற தூரச் சிவப்பையும் ஃபைட்டோகுரோம் பார்க்கிறது. நீலத்தைக் கிரிப்டோகுரோமும் ஃபோட்டோட்ரோபினும் பார்க்கின்றன. புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியை உணர யுவிஆர்8 என்று ஒன்று உண்டு. பச்சையம் செடியின் வயிறு என்றால் இவை அதன் கண்கள். வகுப்பில் நாம் வயிற்றைப் பற்றியே பேசி மணியடித்து விடுகிறோம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

முளைப்பாரி ஏன் பச்சையாக இல்லாமல் மஞ்சளாக இருக்கிறது?

இருட்டில் வளர்ப்பதால். எங்கள் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் ஒரு வீட்டின் உள்ளறையை முளைப்பாரிக்கு ஒதுக்கிவிடுவார்கள். மண்சட்டியில் எருவும் மண்ணும் வைக்கோலும் போட்டு, நவதானியத்தைத் தூவி, தண்ணீர் தெளித்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். நாளாக நாளாகச் சட்டி நிறைய வெளிர் மஞ்சள் குருத்து, ஒரே சீராக, முழங்கை உயரத்துக்கு நிற்கும். சின்ன வயதில் ஒருமுறை கும்மி கொட்டும் கூட்டத்துக்கு நடுவே அதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். பயறுத் தண்டு கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவ இருந்தது. நுனியில் இரண்டு குட்டி இலைகள் மடங்கி, தலை குனிந்து கொக்கி போல் வளைந்திருந்தது.

அந்தக் கொக்கிக்கு அர்த்தம் உண்டு. வெளிச்சம் இல்லையென்றால், 'நான் இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறேன்' என்றே முளை எடுத்துக்கொள்கிறது. அப்போது அதன் ஒரே வேலை மேலே போவது. அதனால் விதையில் உள்ள சேமிப்பையெல்லாம் தண்டை நீட்டவே செலவழிக்கும். இலையை விரித்தால் மண்ணில் உரசிக் கிழியும், அதனால் விரிக்காது. மென்மையான நுனியைக் காக்கத்தான் தலையை வளைத்து, வளைந்த கழுத்தால் மண்ணைத் தள்ளுகிறது. பச்சையம் செய்வதற்கான முன்பொருளை மட்டும் கொஞ்சம் தயாராக வைத்திருக்கும். அதைப் பச்சையமாக மாற்றும் நொதி பூக்கும் தாவரங்களில் வெளிச்சம் பட்டால்தான் வேலை செய்யும். அதனால்தான் அந்த மஞ்சள். பைன் மர நாற்றுகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, அவை இருட்டிலும் ஓரளவு பச்சை பிடித்துவிடும்.

நாற்றுத் தட்டில் தக்காளி, கத்தரி நாற்று ஒல்லியாக நீண்டு விழுந்துவிடுகிறதே. உரம் குறைவா?

பெரும்பாலும் உரம் காரணம் இல்லை. வெளிச்சக் குறைவு ஒரு காரணம், நெருக்கம் இன்னொரு காரணம். முதலாவது, முளைப்பாரியின் பாதிக் கதை. இரண்டாவது இன்னும் சுவையானது.

பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். தூரச் சிவப்பைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும், அல்லது கீழே விட்டுவிடும். திறந்தவெளி வெயிலில் இரண்டும் ஏறக்குறைய சம அளவில் இருக்கும். அடர்ந்த இலைக்குக் கீழே போனால் சிவப்பு மிகவும் குறைந்து, தூரச் சிவப்பு மட்டும் மிஞ்சும். ஃபைட்டோகுரோம் இந்த விகிதத்தைத்தான் பார்க்கிறது. 'மேலே யாரோ இருக்கிறார்கள்' என்று தெரிந்ததும் செடி தண்டை நீட்டுகிறது, பக்கக் கிளை விடுவதைக் குறைக்கிறது, எட்டிப் போய் வெயிலைப் பிடிக்கப் பார்க்கிறது. இன்னும் நிழல் விழாதபோதே, பக்கத்துச் செடியின் இலையில் பட்டுத் திரும்பும் தூரச் சிவப்பை வைத்தே போட்டி வரப்போகிறது என்று தெரிந்துகொள்ளும். எனக்கு இன்றும் வியப்பு தீராத விஷயம் இது.

என்ன செய்யலாம்? முளைவிட்ட அன்றே தட்டை நல்ல வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். நெருக்கமாக இருந்தால் பாதியைக் களைந்துவிடுங்கள். மனசு கேட்காதுதான், ஆனால் பத்து நோஞ்சான்களைவிட நான்கு திடமான நாற்று மேல். ஏற்கெனவே நீண்டுவிட்ட தக்காளியைத் தண்டு பாதி புதையும்படி ஆழமாக நடலாம், புதைந்த தண்டில் வேர் விடும். கத்தரியிடம் அந்த அளவு எதிர்பார்க்க வேண்டாம்.

ஜன்னலோரச் செடி வெளியே பார்த்துச் சாய்கிறது. எப்படி அதற்குத் திசை தெரிகிறது?

இதே கேள்வியைச் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் கேட்டார்கள். புல்லினத்தைச் சேர்ந்த ஒரு பயிரின் இளங்குருத்தை எடுத்து, அதன் நுனிக்கு மட்டும் வெள்ளீயத் தாளில் குட்டித் தொப்பி செய்து மாட்டினார்கள். பக்கவாட்டில் வெளிச்சம் காட்டியபோது குருத்து வளையவில்லை. நுனியைத் திறந்துவிட்டு அடியை மறைத்தபோது வளைந்தது. ஆக, பார்ப்பது நுனி, வளைவது அதற்குக் கீழே. ஏதோ ஒன்று நுனியிலிருந்து கீழே இறங்கி வருகிறது என்று 1880இல் எழுதினார்கள். அது என்ன என்பதை 1920களில் நெதர்லாந்தில் ஃபிரிட்ஸ் வென்ட் காட்டினார். ஓட்ஸ் குருத்தின் நுனிகளை வெட்டி, கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஜெல்லி போன்ற அகர் துண்டின்மேல் வைத்து, அந்த அகரை மட்டும் நுனியில்லாத குருத்தின் ஒரு பக்கம் வைத்தார். வெளிச்சமே இல்லாமல் குருத்து வளைந்தது. அகரில் இறங்கியிருந்த அந்தப் பொருள்தான் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன்.

ஃபோட்டோட்ரோபின் நீல ஒளி வரும் பக்கத்தை உணர்கிறது. ஆக்சின் நிழல் பக்கத்தில் அதிகமாகச் சேர்கிறது. அந்தப் பக்கத்துச் செல்கள் கூடுதலாக நீள, தண்டு வெளிச்சத்தின் பக்கம் வளைகிறது. வாரத்துக்கு இரண்டு முறை தொட்டியைத் திருப்பி வைத்தால் செடி நேராக வளரும்.

கொடி அவரை பந்தல் முழுக்கப் படர்ந்துவிட்டது. ஒரு பூ இல்லை. என்ன தப்பு செய்தேன்?

ஒன்றும் இல்லை. எப்போது விதைத்தீர்கள்? இப்படிக் கேட்பவர்களில் பாதிப் பேர் சித்திரை, வைகாசி என்பார்கள். பந்தலில் ஏறும் பழைய அவரை ரகங்கள் குறும்பகல் தாவரங்கள். பகல் சுருங்கி இரவு நீளும்போதுதான் பூக்கும். சித்திரையில் போட்டாலும் ஆடியில் போட்டாலும் அது ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருக்கும். முன்னாலேயே போட்டால் கொடிதான் கூடுதலாக ஓடும். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்ற சொல்லுக்குள் மழைக் கணக்கோடு இந்த வெளிச்சக் கணக்கும் சேர்ந்தே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வருடம் முழுக்கக் காய் வேண்டும் என்றால் செடி அவரை ரகம் போடுங்கள். பகல் நீளத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாத ரகங்கள் அவை.

நம் ஊரில் பகலும் இரவும் கிட்டத்தட்ட ஒரே அளவுதானே? அந்தச் சின்ன வித்தியாசமா செடிக்குத் தெரியும்?

தெரியும். சென்னையில் ஆனி மாதத்தின் நீண்ட பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம். மார்கழியின் குறுகிய பகல் 11 மணி 20 நிமிடம். கன்னியாகுமரியில் இந்த வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட வராது. நமக்கு அது உறைக்காது. இந்த அட்சரேகையிலேயே வளர்ந்து பழகிய செடிக்கு அது போதும்.

இதைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையில் கார்னர், அல்லார்டு என்று இரண்டு ஆய்வாளர்கள் இருந்தார்கள். அவர்களிடம் மேரிலாந்து மாமத் என்ற புகையிலை ரகம் இருந்தது. கோடையில் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகும், பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலுக்குள் வைத்தால் சின்னச் செடியாக இருக்கும்போதே பூத்துவிடும். பிலாக்சி என்ற சோயா ரகத்தை வாரக்கணக்கில் தள்ளித் தள்ளி விதைத்தும் பார்த்தார்கள். முன்னால் விதைத்தது, பின்னால் விதைத்தது எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூத்தன. வெப்பம், ஈரம், உரம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியில் கோடையில் தொட்டிகளைச் சாயங்காலத்துக்கு முன்பே இருட்டுக் கொட்டகைக்குள் தூக்கிவைத்து, மறுநாள் காலையில் வெளியே எடுத்தார்கள். பகலைச் சுருக்கியதும் செடிகள் பூத்தன. 1920இல் இதை வெளியிட்டார்கள். பாடத்தில் வரும் 'ஒளிக்காலத்துவம்' இதுதான்.

சம்பா, குறுவை வேறுபாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. நெல் அடிப்படையில் குறும்பகல் தாவரம். பழைய நீண்டகாலச் சம்பா ரகங்களில் பல, இரவு நீண்டால்தான் கதிர் வாங்கும். முன்னதாக விதைத்தால் வயது கூடும், தாமதமாக விதைத்தால் வயது குறையும். அறுவடை மட்டும் தை மாதத்தை ஒட்டியே நிற்கும். குறுவைக்கு அப்படிப்பட்ட ரகம் சரிப்படாது, பகல் நீளத்தைப் பார்க்காமல் நாள் கணக்கில் முற்றுகிற ரகம்தான் வேண்டும். 1966இல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஐஆர்8 குட்டை ரகம் என்பது எல்லோருக்கும் தெரியும். அது பகல் நீளத்துக்குக் கட்டுப்படாத ரகமும்கூட. எந்த மாதம் நட்டாலும் ஏறக்குறைய 130 நாளில் முற்றும். வருடத்துக்கு இரண்டு, மூன்று போகம் எடுக்க முடிந்ததில் இந்தக் குணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொன்று. பகல் நீளத்தைப் பார்ப்பது இலை, பூப்பது நுனி மொட்டு. நடுவே சேதி எப்படிப் போகிறது? சோவியத் நாட்டைச் சேர்ந்த மிகயீல் சைலாக்யான் 1930களில் அதற்கு ஃப்ளோரிஜென் என்று பெயர் வைத்தார். பெயர் இருந்தது, பொருள் கையில் சிக்கவில்லை. 70 வருடம் கழித்து 2007இல்தான், நெல்லிலும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியிலும், இலையில் உருவாகி மொட்டுக்குப் பயணம் போகிற ஒரு சிறு புரதம்தான் அது என்று காட்டினார்கள்.

சாமந்தித் தோட்டத்தில் ராத்திரி பல்பு எரிகிறதே, ஏன்?

ஓசூர் பக்கம் போனால் பார்க்கலாம், வரிசை வரிசையாகப் பல்பு தொங்கும். பூச்சி பிடிக்க என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சாமந்தி குறும்பகல் செடி. இரவு நீளும் மாதத்தில் நட்டால் சாண் உயரத்திலேயே மொட்டு வைத்துவிடும், காம்பும் நீளாது, பூவும் குறையும். அதனால் செடி போதிய அளவு வளரும்வரை இரவின் நடுவே விளக்குப் போட்டு மொட்டு வைப்பதைத் தடுக்கிறார்கள். விளக்கை நிறுத்திய பிறகு எல்லாச் செடியும் ஒரே சமயத்தில் மொட்டு வைக்கும். பண்டிகைக்குத் தேதி பார்த்துப் பூ வெட்டலாம். வியட்நாமில் டிராகன் பழத் தோட்டங்களில் விளக்குப் போடுவது இதற்கு நேர்மாறு. அது நீண்ட பகலில் பூப்பது, அதனால் குளிர்காலத்தில் விளக்கால் பூக்க வைக்கிறார்கள்.

நடு ராத்திரியில் ஏன்? செடி உண்மையில் அளப்பது பகலை விட, இடைவெளி இல்லாத இருட்டைத்தான். 1938இல் ஹாம்னரும் பானரும் ஒரு களைச்செடியில் இதைக் காட்டினார்கள். நீண்ட இரவின் நடுவே சில நிமிட வெளிச்சம் போதும், செடி அந்த இரவையே கணக்கில் சேர்க்காது.

அப்படியானால் தெருவிளக்கு அடியில் இருக்கும் செடி?

பாதிக்கப்படலாம். மொட்டை மாடியில் விளக்கு விடிய விடிய எரிந்தால், பக்கத்தில் இருக்கும் அவரைக் கொடியும் சாமந்தியும் பூக்கத் தாமதிக்கும். குளிர் நாடுகளில் தெருவிளக்கை ஒட்டிய கிளைகள் மட்டும் இலையுதிர்க்காமல் நிற்பதும் உண்டு. விளக்கை அணைத்துவிடுவதுதான் மருந்து.

கீரை விதையை மண்ணில் புதைக்கலாமா, மேலே தூவ வேண்டுமா?

பொடி விதை என்றால் மேலே தூவி, மெல்ல மணல் போட்டால் போதும். புகையிலை, லெட்டூஸ் (சாலட்டில் போடும் இலைக்கீரை) போன்ற பல பொடி விதைகளுக்கு முளைக்கவே வெளிச்சம் வேண்டும். மண்ணுக்குள் வெளிச்சம் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். கையில் சேமிப்புக் குறைவாக உள்ள விதை, ஆழத்தில் முளைத்து மேலே வராமல் செத்துப்போவதைவிடக் காத்திருப்பது நல்லது என்று இருக்கிறது. அவரை, பூசணி போல வயிறு நிறைந்த விதைக்கு அந்தக் கவலை இல்லை.

லெட்டூஸ் விதையில்தான் ஃபைட்டோகுரோமின் தடம் கிடைத்தது. 1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் குழுவினர் ஈர விதைமேல் சிவப்பு ஒளியைக் காட்டினார்கள், முளைத்தது. அடுத்து தூரச் சிவப்பைக் காட்டினால் முளைக்கவில்லை. சிவப்பு, தூரச் சிவப்பு, சிவப்பு என்று மாற்றி மாற்றி எத்தனை முறை காட்டினாலும் கடைசியாகக் காட்டியது எதுவோ அதற்குத்தான் விதை கட்டுப்பட்டது. ஒரே பொருள்தான் இரண்டு நிலைக்கும் மாறி மாறிப் போய் வருகிறது என்று அதிலிருந்து ஊகித்தார்கள். சாமந்தித் தோட்டத்துப் பல்பை உணர்வதும் அதே பொருள்தான். உழுததும் களை குப்பென்று முளைப்பதற்கும் இது ஒரு காரணம். புரளும் மண்ணில் புதைந்து கிடந்த விதைக்கு ஒரு நொடி வெளிச்சம் பட்டாலும் போதும்.

தூங்குமூஞ்சி மரம் சாயங்காலம் இலையை மூடுவது இருட்டைப் பார்த்தா?

பாதி அப்படி, பாதி அதன் உள்கடிகாரம். 1729இல் பிரான்சில் தெ மெய்ரான் என்பவர் தொட்டாச்சிணுங்கி வகைச் செடியை இருட்டுக்குள் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே இல்லாமல் காலையில் விரித்தது, மாலையில் மூடியது. செடிக்குள் நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, வெளிச்சம் அதைத் தினமும் சரிசெய்கிறது. காம்படியில் முட்டிபோல் இருக்கும் பகுதியில் பொட்டாசியமும் கூடவே தண்ணீரும் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து மறுபக்கம் போவதால் இலை அசைகிறது. புளி, அகத்தி இரண்டிலும் இதைப் பார்க்கலாம்.

சூரியகாந்தி எப்போதும் சூரியனைப் பார்த்துத் திரும்புமா?

இளஞ்செடி மட்டும். பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் கூடுதலாக வளர்ந்து தலையை மேற்கே தள்ளும். இரவில் மேற்குப் பக்கம் வளர்ந்து விடிவதற்குள் கிழக்கே கொண்டுவந்து வைக்கும். பூ முற்றியதும் கிழக்கே பார்த்து நின்றுவிடும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் தொட்டிகளை மேற்கே திருப்பி வைத்துப் பார்த்தார்கள். கிழக்கே பார்த்த பூக்கள் காலையில் சீக்கிரம் சூடேறின, காலைத் தேனீக்களும் அவற்றுக்கு ஐந்து மடங்கு அதிகமாக வந்தன.

வீட்டுக்குள் காய்கறி வளர்க்க ஊதா நிற எல்இடி விளக்குத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. சிவப்பும் நீலமும் கலந்தால் அந்த நிறம் வருகிறது, குறைந்த மின்சாரத்தில் நிறைய ஒளிச்சேர்க்கை நடக்கும் என்பதற்காகச் செய்தது. வெள்ளை எல்இடியிலும் செடி நன்றாக வளரும். பச்சை ஒளியை இலை முழுக்கத் திருப்பி அனுப்பிவிடுகிறது என்பதும் சரியில்லை, பெரும்பகுதியை உறிஞ்சத்தான் செய்கிறது.

சிக்கல் நிறத்தில் இல்லை, அளவில். வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், நடுப்பகல் வெயில் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ். விளக்குப் போட்ட நம் வரவேற்பறை சில நூறு லக்ஸ்தான். நம் கண் பழகிக்கொள்வதால் இந்த இடைவெளி தெரிவதில்லை. மணி பிளாண்ட் அதில் பிழைத்துக்கொள்ளும், கத்தரிக்கு அது பட்டினி. மாடியில் கொஞ்சம் இடம் இருந்தாலும் அங்கேயே வையுங்கள்.

24 மணி நேரமும் விளக்கு எரிந்தால் வேகமாக வளருமா?

தக்காளியில் செய்து பார்க்காதீர்கள். ஓயாத வெளிச்சத்தில் அதன் இலை வெளுத்துத் திட்டுத்திட்டாகக் காய்ந்துவிடும்.

பச்சை பிடித்த உருளைக்கிழங்கைச் சாப்பிடலாமா?

பச்சையான பகுதி வேண்டாம். உருளைக்கிழங்கு வேர் இல்லை, தண்டு. வெளிச்சம் பட்டதும் தான் வெளியே வந்துவிட்டதாக எண்ணிப் பச்சையம் செய்கிறது. பச்சையத்தால் கெடுதல் இல்லை. கூடவே சொலனின் போன்ற கசப்பு நச்சுகளும் கூடுகின்றன, அவைதான் ஆபத்து. அதிகம் பச்சையானால் தூக்கிப் போட்டுவிடுங்கள். சாக்கிலோ மூடிய கூடையிலோ வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பிள்ளைகளோடு வீட்டில் செய்து பார்க்க ஏதாவது?

ஊறவைத்த பாசிப்பயறை இரண்டு டம்ளரில் ஈரத்துணிமேல் போடுங்கள். ஒன்று ஜன்னலில், மற்றது அட்டைப்பெட்டிக்குள். ஐந்தாம் நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். பெட்டிக்குள் இருந்தது நீளமாக இருப்பதைப் பார்த்து, 'இருட்டில்தான் நல்லா வளருது' என்று கண்டிப்பாக ஒரு பிள்ளை சொல்லும். மறுக்காதீர்கள். அதே டம்ளரைக் காலை ஒன்பது மணிக்கு ஜன்னலில் வைத்துவிட்டு, ஒரு மணிக்கொருமுறை வந்து பார்க்கச் சொல்லுங்கள். மதியத்துக்கு மேல் மஞ்சள் இலையில் பச்சை ஏறத் தொடங்குவது தெரியும். வளைந்த கழுத்து மெதுவாக நிமிரும், மறுநாள் காலையில் இரண்டு இலைகளும் விரிந்திருக்கும். அதற்கப்புறம் தண்டு அந்த அவசரத்தில் நீளுவதில்லை.